யாளிக்கும் எடை உண்டு: கற்பனை உருவங்களின் பென்சில் ஓவியத்தில் நேரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

கற்பனை விலங்கு ஒன்றையோ கதை வீரன் ஒருவனையோ பென்சிலில் வரைந்து முடித்த பின், எதுவோ பொருந்தவில்லை என்று மட்டும் தெரிந்து, அது எது என்று பிடிபடாமல் தவிக்கும் நிலை வரைபவர் அனைவருக்கும் உண்டு. அந்நேரத்தில் பெரும்பாலோர் நிழலை இன்னும் கருமையாக்குகிறார்கள். செதில், இறகு, ஆபரணம் என்று நுணுக்கங்களைச் சேர்க்கிறார்கள். பிழை எலும்பமைப்பில் இருக்கும்போது தோலின் மேல் எவ்வளவு உழைத்தாலும் அது தீராது. எனவே கீழே உள்ளவை அறிகுறியில் தொடங்கிக் காரணத்துக்குச் சென்று, பிறகு திருத்தத்தைச் சொல்கின்றன. உங்கள் ஓவியத்தில் எந்த அறிகுறி தென்படுகிறதோ அந்தப் பகுதியிலிருந்தே படிக்கலாம்.

அதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்து கொள்ளுங்கள். ஓவியத்தைக் கண்ணாடியில் காட்டியோ கைபேசியில் படமெடுத்து இடவலமாகத் திருப்பியோ பாருங்கள். சாய்வும் கோணலும் உடனே வெளிப்படும். அடுத்து, கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். ஒளியும் நிழலும் பிரியாமல் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் குறை தொனியில், அதாவது கருமை வெண்மையின் ஏற்றத்தாழ்வில், இருக்கிறது. கடைசியாக, உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் வேறொரு தாளில் எடுத்து உள்ளே முழுவதும் கருப்பாக நிரப்புங்கள். அது என்ன உயிர், என்ன செய்கிறது என்பது அந்தக் கருப்பு வடிவத்திலேயே புரியவில்லை என்றால், குறை தோற்ற நிலையில் இருக்கிறது. இம்மூன்றில் எது தவறுகிறதோ அதையே முதலில் திருத்த வேண்டும்.

அறிகுறி: தலை ஒரு விலங்கு, உடல் ஒரு விலங்கு, இரண்டும் ஒட்டவில்லை

கற்பனை உயிர்களில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுவே. மற்றப் பல பிழைகளுக்கு வேரும் இதுதான். யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட கஜ யாளியை எடுத்துக்கொள்வோம். தலையை ஒரு புகைப்படத்தைப் பார்த்தும் உடலை வேறொன்றைப் பார்த்தும் வரைகிறோம். இரண்டும் தனித்தனியே நன்றாக இருக்கின்றன. சேரும் இடத்தில் மட்டும் ஒரு பிடரி மயிர்க் கொத்தையோ கழுத்தணியையோ போட்டு மறைத்துவிடுகிறோம். பார்ப்பவர் கண் அந்த மறைப்பையே முதலில் கவனிக்கும்.

காரணம் எளியது. யானையின் தலை மிகப் பெரிய எடை. அதைத் தாங்குவதற்காகவே அதன் கழுத்து குட்டையாகவும் தடித்தும், தோளின் மேல் பகுதி உயர்ந்தும் அமைந்திருக்கிறது. சிங்கத்தின் கழுத்து அந்தத் தலைக்காக உண்டானதன்று. ஆகவே யானைத் தலையை வைக்கும்போது சிங்கத்தின் கழுத்தும் தோளும் மாறியாக வேண்டும். விலங்குகளைக் கலக்கும்போது உறுப்புகளை மாற்றுவது பாதி வேலைதான். ஒவ்வொரு உறுப்பும் தன் பக்கத்து உறுப்பிடம் கேட்கும் மாற்றங்களைச் செய்து கொடுப்பது மீதிப் பாதி.

திருத்தும் முறை இது. தாளின் மேல் 2எச் பென்சிலால் (எச் வகை கடினமானது, வெளிறிய கோடு தரும்; பி வகை மென்மையானது, கருமை தரும்; எண் கூடக் கூட அத்தன்மை கூடும்; எச்பி இடைப்பட்டது) மண்டையின் அடியிலிருந்து வால் நுனிவரை ஒரே முதுகெலும்புக் கோட்டை இழுங்கள். அது எங்கும் உடையக்கூடாது. அக்கோட்டின் மேல் மண்டை, விலாக்கூடு, இடுப்பு ஆகிய மூன்றையும் எளிய முட்டை வடிவங்களாக வையுங்கள். பிறகு கழுத்தை வரையும்போது, அதன் தடிப்பை மண்டையின் பின்பக்க அகலத்திலிருந்து தொடங்கித் தோளின் அகலம்வரை படிப்படியாக விரியவிடுங்கள். யாளிக்குத் தோள்பட்டை எலும்பின் மேல்நுனி முதுகுக் கோட்டுக்குச் சற்று மேலே எழட்டும். அங்கே ஒரு சிறு மேடு வந்தவுடனேயே தலைக்கு ஒரு தாங்கல் கிடைத்துவிடுவதை நீங்களே காண்பீர்கள்.

தோலின் தன்மையும் திடீரென மாறக்கூடாது. யானைத் தோலின் குறுக்குச் சுருக்கங்களைக் கன்னத்தில் நெருக்கமாகவும், தாடைக்குப் பின்னால் சற்று விலகியும், கழுத்தின் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் போடுங்கள். சிங்கத்தின் மயிரையும் அதேபோல் எதிர்த்திசையிலிருந்து கொண்டு வாருங்கள்: தோளில் அடர்த்தி, கழுத்தின் நடுவில் சில இழைகள், தாடையோரத்தில் ஒன்றிரண்டு. இரண்டும் ஒன்றன் எல்லைக்குள் ஒன்று புகுந்து கலக்கும் அந்தப் பட்டை, தலையின் நீளத்தில் பாதியாவது இருக்க வேண்டும். அதன் பிறகும் ஒட்டவில்லை என்றால், தலையின் ஏதாவது ஒரு தன்மையை உடலின் தொலைவான பகுதியில் மீண்டும் காட்டுங்கள். யானைச் சுருக்கம் முழங்காலிலும் வந்தால், தலையும் காலும் ஒரே உயிருக்கு உரியவை என்று கண் ஏற்றுக்கொள்ளும்.

லியொனார்தோ டா வின்சி தம் குறிப்புகளில் இதே மரபைத்தான் சொல்லியிருக்கிறார். கற்பனை விலங்கு இயற்கையாகத் தோன்ற வேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்பும் உள்ளதொரு விலங்கின் உறுப்பை ஒத்திருக்க வேண்டும் என்று கூறி, நாகம் (டிராகன் எனப்படும் கால்களுள்ள கற்பனை உயிர்) வரைய வேட்டை நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, சிங்கத்தின் புருவம், நீர் ஆமையின் கழுத்து என்று அவர் அடுக்குகிறார். பட்டியலை நாம் எளிதில் பின்பற்றிவிடுகிறோம். ஆனால் பூனையின் கண்ணை வரையப் பூனையைப் பார்த்தாக வேண்டும் என்ற அதன் உட்பொருளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டுப் பூனையின் கண்மணி வெளிச்சத்தில் செங்குத்துக் கோடாகச் சுருங்கும். சிங்கத்துக்கும் புலிக்கும் அது வட்டமாகவே சுருங்கும். ஆட்டின் கண்மணி படுக்கையாக இருக்கும். உங்கள் உயிருக்கு எந்தக் கண் என்று முடிவெடுக்க இந்த வேறுபாடுகள் தெரிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: கோயில் யாளியைப் பார்த்து வரைந்தும் தாளில் அது பின்புறமாகச் சாய்கிறது

திருவரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளையோ, மதுரை மீனாட்சியம்மன் கோயில் தூண்களில் நிற்கும் யாளிகளையோ புகைப்படம் எடுத்து அதிலிருந்து வரைபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். சிற்பத்தில் கம்பீரமாக இருந்த உருவம் தாளில் தலை கனத்து விழப் போவதாகத் தெரியும்.

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அந்த உருவம் தூணோடு சேர்ந்த ஒரே கல்லில் செதுக்கப்பட்டது. அதன் எடையைத் தூண் சுமக்கிறது. தூணை நீக்கிவிட்டு விலங்கை மட்டும் எடுத்தால், அந்த எடையைப் பின்னங்கால்கள் சுமக்கும்படி நீங்கள்தான் மாற்றியமைக்க வேண்டும். இரண்டாவது, நாம் கீழே நின்று அண்ணாந்து படமெடுக்கிறோம். அந்தப் பார்வைக் கோணம் உடலை ஒரு விதமாகக் குறுக்கியும் தாடையின் அடிப்பக்கத்தைக் காட்டியும் வைத்திருக்கிறது. உங்கள் தாளிலோ தரையும் பின்னணியும் கண்மட்டத்தில் இருக்கின்றன. இரண்டு பார்வைகள் ஒரே படத்தில் மோதுகின்றன.

உடலின் நடு எடை எங்கே விழுகிறது என்று பாருங்கள். விலாக்கூட்டின் நடுவிலிருந்து நேர்கீழாக ஒரு தூக்குக்கோடு இழுத்தால், அது பின்பாதங்களுக்கு இடையிலோ, பாதங்களும் வாலும் சேர்ந்து தாங்கும் பரப்புக்குள்ளோ விழ வேண்டும். வெளியே விழுந்தால் பின்பாதங்களைக் கோடு விழும் பக்கமாக நகர்த்துங்கள், அல்லது இடுப்பை மடக்கித் தொடையைத் தடிப்பாக்குங்கள். பாயும் நொடியைக் காட்ட விரும்பினால் கோடு வெளியே விழலாம். அப்போது அடுத்த நொடியில் முன்னங்கால் எங்கே ஊன்றும் என்பது படத்தில் தெரிய வேண்டும். அண்ணாந்த கோணத்தை நீங்கள் விரும்பினால், அடிவானத்தைத் தாளின் அடிப்பகுதிக்கு இறக்கி முழுப் படத்தையும் அக்கோணத்துக்கே கொண்டு வந்துவிடுங்கள்.

அறிகுறி: இறக்கை முதுகில் குத்தி வைத்ததாகத் தெரிகிறது

நான்கு காலும் இரண்டு இறக்கையும் உடைய உயிருக்கு ஆறு உறுப்புகள். முதுகெலும்புள்ள எந்த விலங்குக்கும் அது இயற்கையில் இல்லை என்பதால், பார்த்துப் படிக்க நேர் மாதிரி கிடையாது. இறக்கை என்பது கைதான் என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பறவையின் இறக்கையிலும் வௌவாலின் இறக்கையிலும் மேல்கை, முழங்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகிய அனைத்தும் உள்ளன. பறவையின் நீண்ட நுனி இறகுகள் கைப்பகுதியிலிருந்து முளைக்கின்றன. அடுத்த வரிசை முன்கையிலிருந்து முளைக்கிறது. வௌவாலுக்கு விரல்களே நீண்டு, அவற்றுக்கிடையே சவ்வு விரிகிறது. கட்டைவிரல் மட்டும் நகத்தோடு தனியே நிற்கும்.

கை இருந்தால் தோள்பட்டை வேண்டும். முன்னங்காலின் தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால், மேலே இரண்டாவது தோள்பட்டை ஒன்றை மெல்லிய கோட்டில் குறித்து, அதிலிருந்து மேல்கையைத் தொடங்குங்கள். இறக்கையைக் கீழ்நோக்கி அடிக்கும் தசை மார்பில் இருப்பதால், மார்பு வழக்கமான குதிரைக்கோ சிங்கத்துக்கோ இருப்பதைவிட ஆழமாக இருக்க வேண்டும். மடக்கிய இறக்கைக்கும் இதே எலும்புகள்தாம். விரிந்த இறக்கையின் மேல்கை, முன்கை நீளங்களை ஒரு காகிதக் கீற்றில் குறித்துக்கொண்டு, மடங்கிய இறக்கையிலும் அதே நீளங்கள் வருகின்றனவா என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் முன்கை குறைந்துபோயிருக்கும்.

அறிகுறி: பின்னங்கால் உடைந்ததாகத் தெரிகிறது

குதிரை, நாய், சிங்கம் ஆகியவற்றின் பின்னங்காலில் பின்னோக்கி மடங்குவதாகத் தெரியும் மூட்டு முழங்காலன்று. அது நம் குதிகாலுக்கு நிகரானது. உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி, முன்னோக்கி மடங்குகிறது. நாயும் பூனையும் விரல்களால் நடக்கின்றன. குதிரை ஒற்றை விரலின் நுனியில் நடக்கிறது. கரடி நம்மைப் போல முழுப் பாதத்தையும் ஊன்றுகிறது. மனித உடலும் ஆட்டுக் காலும் கொண்ட கதைமாந்தரை வரையும்போது, மனிதத் தொடையை அப்படியே வைத்து அதன் கீழே ஒரு கூடுதல் மூட்டைச் சேர்த்துவிடுவதுதான் வழக்கமான பிழை. மூட்டுகளின் எண்ணிக்கை மாறாது. தொடை குறைய வேண்டும், பாதம் நீள வேண்டும், குதிகால் தரையை விட்டு மேலே எழ வேண்டும்.

அறிகுறி: வீரனும் தேவதையும் மரப்பொம்மையாக விறைத்து நிற்கிறார்கள்

இரு தோளும் கிடைக்கோட்டில், இடுப்பும் கிடைக்கோட்டில், இரு காலிலும் சம எடை. விறைப்புக்குக் காரணம் இவ்வளவே. நம் சிற்ப மரபில் சமபங்கம் எனப்படும் நிலை இது. கருவறைத் தெய்வத்தின் அசைவின்மைக்கு அது பொருந்தும், ஆனால் வாளெடுத்து நிற்கும் கதைமாந்தருக்குப் பொருந்தாது. உடல் மூன்று இடங்களில் வளையும் திரிபங்க நிலையில் அமைந்த சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்றை அருங்காட்சியகத்தில் அருகே நின்று கவனியுங்கள். எடையைத் தாங்கும் காலின் பக்கம் இடுப்பு உயர்கிறது. அதே பக்கத்துத் தோள் தாழ்கிறது. தலை மீண்டும் மறுபக்கம் சாய்கிறது. நீங்கள் வரைவதற்கு முன் மூன்று சாய்கோடுகளை, அதாவது தோள், இடுப்பு, கண் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, முதலில் போட்டுக்கொள்ளுங்கள். அவை ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமலிருந்தால் பாதி விறைப்பு அகன்றுவிடும்.

அளவு விகிதமும் இங்கே சேர்ந்து வரும். இயல்பான மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம். காவிய நாயகருக்கு ஓவியர்கள் எட்டுத் தலை கொடுப்பது வழக்கம். சிற்ப நூல்கள் தலைக்குப் பதிலாக முக நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு, பெருந்தெய்வங்களுக்குத் தசதாலமும் (பத்துத் தால உயரம்) கணபதிக்குப் பஞ்சதாலமும் (ஐந்து தால உயரம்) வகுத்துள்ளன. குள்ள மாந்தரை வரைபவர்கள் பெரிய மனிதரையே சிறிதாக்கிவிடுவதால்தான் அவர் தொலைவில் நிற்பவராகத் தெரிகிறார். தலையைக் குறைக்காமல் உடலின் தாலத்தைக் குறைக்க வேண்டும்.

அறிகுறி: பெரிய நாகம் பெரியதாகத் தெரியவில்லை

தாள் முழுவதையும் அடைத்து வரைந்தாலும் ஓர் ஓணான் அளவே தோன்றும் நாகங்கள் (டிராகன்கள்) உண்டு. கண்ணின் அளவைப் பாருங்கள். ஓணானின் கண் தலைக்குப் பெரிது. யானையின் கண் தலைக்கு மிகச் சிறிது. உடல் பெரிதாகப் பெரிதாகக் கண் அதே வேகத்தில் பெரிதாவதில்லை என்பதை நம் பார்வை அறிந்தே வைத்திருக்கிறது. கண்ணைப் பாதியாகக் குறைத்தாலே நாகம் சட்டென வளர்ந்துவிடும். செதில்களின் அளவும் அப்படியே: பெரிய செதில் சிறிய உடலைக் காட்டும்.

அடுத்தது அடிவானம். அடிவானம் என்பது பார்ப்பவரின் கண்மட்டம். தரையில் நிற்கும் மனிதரின் கண்ணோடு அடிவானம் செல்லுமானால், அக்கோட்டுக்கு மேலே எழும் ஒவ்வொன்றும் மனிதரைவிட உயரமானது. நாகத்தின் முழங்கால் அடிவானத்தைத் தொடும்படி வரையுங்கள். அருகில் மனிதரே இல்லாவிட்டாலும் அதன் உயரம் புரியும். கடைசியாகக் காற்று: நாகத்தின் தலை முன்னே இருந்தால் 4பி, 6பி கருமைகளை அங்கே வைத்து, தொலைவில் செல்லும் வாலை எச்பிக்கு மேல் கருமையாக்காதீர்கள். ஒரே உடலின் இரு முனைகளுக்கிடையே கருமை இப்படி வெளிறினால்தான் இடைவெளி மிகப் பெரிது என்பது தெரியும்.

அறிகுறி: செதில் மீன்வலையைப் போர்த்தியதாகத் தெரிகிறது

எல்லாச் செதிலும் ஒரே அளவு, ஒரே கருமை, ஒரே திசை என்பதே இதன் காரணம். ஓணானையோ ஆமையையோ சற்று நேரம் பார்த்தால், மூட்டுகளில் செதில் பொடியாகவும் முதுகில் பெரிதாகவும் இருப்பதைக் காணலாம். பாம்பின் வயிற்றில் அவை அகன்ற குறுக்குப் பட்டைகளாகவே மாறிவிடுகின்றன. உடலைச் சுற்றி வளைகோடுகளை மெல்லப் போட்டு, அவற்றின் வழியே செதில்களை வரிசையாக்குங்கள். விளிம்பை நெருங்கும்போது ஒவ்வொரு செதிலும் ஒடுங்க வேண்டும். ஒளி படும் இடத்தில் செதிலே வேண்டாம். ஆழ்ந்த நிழலிலும் வேண்டாம். இரண்டும் சந்திக்கும் எல்லைப் பட்டையில் மட்டும் முழுதாக வரைந்தால் போதும், மீதியைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

1515இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வரைந்த காண்டாமிருகம் இதற்கு அருமையான பாடம். அந்த விலங்கை அவர் நேரில் கண்டதில்லை. பிறர் அனுப்பிய விவரிப்பையும் ஒரு சிறு வரைபடத்தையும் கொண்டே வரைந்தார். தோளின் மேல் இல்லாத ஒரு சிறு கொம்பைக்கூடச் சேர்த்துவிட்டார். ஆனால் தோளில் ஒரு தகடு, விலாவில் ஒரு தகடு, தொடையில் வேறொரு தகடு என்று தோலை உடலின் கட்டமைப்பின்படி பிரித்து, ஒவ்வொன்றிலும் வேறு வகை அலங்காரத்தை அவர் கொடுத்ததால், நீண்ட காலம் ஐரோப்பியர் அதையே உண்மைக் காண்டாமிருகமாக நம்பினார்கள்.

அறிகுறி: உழைப்பெல்லாம் போட்டும் படம் மங்கிய சாம்பலாகவே இருக்கிறது

ஒரே எச்பி பென்சிலால் முழுப் படத்தையும் முடிப்பவர்களுக்கு இது தவறாமல் நேரும். கூடவே, கருமைக்கு அஞ்சும் கையும் ஒரு காரணம். தாளின் ஓரத்தில் ஐந்து கட்டங்கள் போட்டு, முதல் கட்டத்தை வெற்றாக விட்டு, ஐந்தாவதை 6பியால் முடிந்த அளவு கருமையாக்கி, இடையிலுள்ள மூன்றையும் சம இடைவெளியில் நிரப்புங்கள். பிறகு படத்தில் முதல் கட்டமும் ஐந்தாம் கட்டமும் உண்மையிலேயே எங்காவது இருக்கின்றனவா என்று தேடுங்கள். பெரும்பாலும் இரண்டும் இருக்காது. இரண்டு முதல் நான்குவரைதான் இருக்கும்.

ஐந்தாம் கட்டத்தை எங்கே வைப்பது என்பதுதான் ஓவியரின் முடிவு. யாளியின் திறந்த வாயின் உட்புறம், மேல் இமை கண்ணின் மேல் போடும் நிழல், கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள பிளவு ஆகிய மூன்று இடங்களில் மட்டும் வைத்துப் பாருங்கள். மேல் இமையின் நிழல் கண்மணியின் மேற்பகுதியை மறைக்கும்போது, விழித்துப் பார்க்கும் வேடிக்கையான கண் அச்சமூட்டும் கண்ணாக மாறிவிடும். ஒளித்துளி ஒன்று போதும்; அது நிழலின் விளிம்பில் இருக்கட்டும்.

கிராபைட்டுக்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் ஏற்க வேண்டும். அழுத்தி நிரப்பிய 8பி, குழல் விளக்கின் கீழ் பளபளத்து வெளிறித் தெரியும். உண்மையான கருமை வேண்டுமென்றால் அந்த இடங்களில் கிராபைட்டைத் தொடாமல் விட்டு, சார்கோல் (கரி) பென்சிலை நேரடியாகத் தாளில் பயன்படுத்துங்கள். மினுங்கும் கிராபைட்டின் மேல் சார்கோல் நன்றாகப் பிடிக்காது.

அறிகுறி: கண்ணாடியில் பார்த்தால் முகம் ஒருபுறம் இழுத்திருக்கிறது, அல்லது தலைப்பகுதி நீண்டுவிட்டது

மேசையில் தாளைப் படுக்க வைத்து வரையும்போது, தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தொலைவாக இருப்பதால் குறுகித் தெரிகிறது. கை அதை ஈடுசெய்து நீட்டி வரைந்துவிடுகிறது. அட்டையைச் சாய்வாக வைத்து, பார்வை தாளுக்கு நேராக விழும்படி அமருங்கள். ஒருபுற இழுப்புக்கு, ஒரு கண்ணை முடித்துவிட்டு மறு கண்ணுக்குச் செல்லும் பழக்கமே காரணம். இரண்டு கண், இரண்டு கொம்பு, இரண்டு கோரைப்பல் ஆகியவற்றை எப்போதும் இணையாகவே வளர்த்துச் செல்லுங்கள்.

அறிகுறி: படம் அழுக்கேறுகிறது, அழித்த கோடு தடமாக நிற்கிறது

தடத்துக்குக் காரணம் அழுத்தம். கூரிய 2எச் பென்சில், அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். பின்னர் 4பி போடும்போது அந்தப் பள்ளம் வெள்ளைக் கோடாக மேலே வரும். தொடக்கக் கோடுகளைப் பென்சிலின் பின்பகுதியைப் பிடித்து இழுங்கள். விழுந்துவிட்ட பள்ளத்தை நன்றாகக் கூராக்கிய பென்சிலால் கோட்டின் உள்ளேயே நிரப்ப வேண்டும். அலுவலகங்களில் பயன்படும் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) தாள் பல அடுக்கு நிழலைத் தாங்காது. 150 ஜிஎஸ்எம் அல்லது அதற்கு மேற்பட்ட கார்ட்ரிட்ஜ் தாளை எடுங்கள்.

விரலால் தேய்க்க வேண்டாம். தோலின் எண்ணெய் தாளில் இறங்கி, அந்த இடத்தில் கிராபைட் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், அழித்தாலும் போகாது. காகித ஸ்டம்பையோ (நிழலைத் தேய்க்க இறுகச் சுருட்டிய காகிதக் குச்சி) மெல்லிய துணியையோ பயன்படுத்தலாம், ஆனால் செதிலும் மயிரும் வரும் இடங்களில் அதுவும் வேண்டாம். உள்ளங்கையின் கீழே ஒரு வெற்றுத் தாளை வைத்து, வலக்கைக்காரர் இடமிருந்து வலமாக வேலையை நகர்த்துங்கள். பிடரி மயிரில் ஒளி இழைகள் வேண்டுமானால், பிசையும் அழிப்பானைக் கூராக உருட்டி, மயிர் முளைக்கும் திசையிலேயே ஒரே இழுப்பில் எடுங்கள். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் அதை மடித்துப் புதுமுகம் காட்டாவிட்டால் முன்பு எடுத்த கருமையே திரும்பத் தாளில் படியும். கிராபைட் கலையாமல் பிடித்து வைக்கும் ஃபிக்ஸேட்டிவ் தெளிப்பதைத் திருத்தங்கள் எல்லாம் முடிந்த பிறகு, காற்றோட்டமான இடத்தில், ஒரு முழ இடைவெளியில் மெல்லிய பூச்சுகளாகச் செய்யுங்கள். தெளித்த பின் அழிப்பான் சரிவர வேலை செய்யாது.